நோட்கெல்ட்: படத்தை விடுங்கள், முத்திரையைப் பாருங்கள்

எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22 இரவில். அதற்கு ஏழு வாரம் முன்பே, அந்தக் கப்பலின் சொந்த நாட்டுக் கடைத்தெருக்களில் சில்லறை காணாமல் போயிருந்தது. ஜூலை 31 அன்று ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்க், நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. மறுநாள் போர் அறிவிப்பு. தங்கத்தோடு வெள்ளி மார்க்கையும் மக்கள் வீட்டுக்குள் பதுக்கிவிட்டார்கள். வாரக்கூலி கொடுக்க வேண்டிய ஆலையிலும் சில்லறை இல்லை, ரொட்டிக் கடையிலும் இல்லை. ஊர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டன. கிடைத்த அட்டையில் ‘ஒரு மார்க்’ என்று தட்டச்சு செய்து, மேயர் கையெழுத்துப் போட்டு, ஊர் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நோட்கெல்ட் எனப்படும் அவசரகாலப் பணம் இப்படித்தான் தொடங்கியது.

இன்று இணையத்தில் நோட்கெல்ட் என்று தேடினால் வருவது இந்த அட்டை அல்ல. தேவதைக் கதை, கோட்டை, மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், குழலூதி எலிகளை இழுத்துப்போன கதையின் எலிப்பிடிப்பான் என்று பளபளக்கும் வண்ணத் துண்டுகள்தான் ஆயிரக்கணக்கில் வரும். புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் அவற்றைத்தான் அள்ளுகிறார்கள். அதில் தப்பில்லை, அழகானவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரு ரொட்டிகூட வாங்கியதில்லை. எது பணமாகப் புழங்கியது, எது ஆல்பத்துக்கென்றே அச்சானது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் கொடுக்கும் விலைக்கு அர்த்தம் இருக்கும். அதற்குப் படம் உதவாது. ஊர்ப்பெயர், தேதி, செல்லுபடிக் கெடு, முத்திரை, எண், தாள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

1914: அழுக்கான அட்டைகள்

முதல் அலை எல்லை மாவட்டங்களில்தான் அதிகம்: கிழக்கு பிரஷ்யா, மேற்கு பிரஷ்யா, போஸன், சிலேசியா, மேற்கே அல்சாஸ். மதிப்பு 50 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்), 1, 2, 3, 5 மார்க் என்று இருக்கும். மூன்று மார்க் என்ற மதிப்பு விசித்திரமாகத் தெரியலாம். அப்போது மூன்று மார்க் வெள்ளி நாணயம் புழக்கத்தில் இருந்தது, அதற்கு ஈடாகத்தான் இது. ஆகஸ்டிலேயே அரசின் கடன் அலுவலகங்கள் 1, 2 மார்க் நோட்டுகளை வெளியிடத் தொடங்கியதும் நெருக்கடி தளர்ந்தது. பல ஊர்கள் சில வாரங்களிலேயே தங்கள் நோட்டைத் திரும்பப் பெற்றுக் கணக்கை முடித்தன. 1914 நோட்டுகள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். அடித்தது குறைவு, மிஞ்சியது அதிலும் குறைவு.

திரும்ப வந்த நோட்டைச் செல்லாததாக்க ஊர்கள் ஓட்டை போட்டன, மூலையை வெட்டின, குறுக்கே பேனாவால் கோடு இழுத்தன, அல்லது ‘எண்ட்வேர்டெட்’, ‘உன்கில்டிக்’ என்று முத்திரை குத்தின. இரண்டு சொல்லும் செல்லாது என்பதையே குறிக்கும். வண்ணத் தொடர்நோட்டில், அதாவது ஆல்பத்துக்கென்று படத் தொடராக அச்சான நோட்டில், ஓட்டை இருந்தால் விலை விழும். 1914 நோட்டில் அது இயல்பு. சில ஊர்களின் நோட்டு ஓட்டையோடு மட்டுமே கிடைக்கிறது. வந்தது முழுவதையும் ஊர் ஓட்டை போட்டு, பிறகு சேகரிப்போருக்கு விற்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரின் நோட்டு ஓட்டையில்லாமல் விற்பனைக்கு வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒட்டி அடைத்த ஓட்டை வட்டமாக, சுற்றியுள்ள தாளைவிட இருண்டோ வெளுத்தோ தெரியும்.

பிறகு போர் நீண்டது. நிக்கலும் செம்பும் ஆயுத ஆலைக்குப் போயின. நாணயங்களை இரும்பிலும் துத்தநாகத்திலும் அடித்தார்கள், அதுவும் போதவில்லை. 1916 முதல் ஊர்கள் 5, 10, 25, 50 பெனிக் தாள்களையும் துத்தநாக வில்லைகளையும் வெளியிட்டன. 1918 இலையுதிர் காலத்தில், தோல்வி நெருங்கிய நேரத்தில், ரைஷ்பாங்கின் அச்சகம் ஈடுகொடுக்க முடியாமல் 5, 10, 20, 50 மார்க் நோட்டுகளையும் நகரங்களே அச்சிட்டன. இந்த இடைக்கால நோட்டுகளுக்குச் சேகரிப்பில் மவுசு குறைவு. ஆனால் உண்மையில் கைமாறிய பணம் என்ற அளவில் நியாயமான விலைக்குக் கிடைப்பவை இவைதான்.

ஒரு நோட்டைப் படிப்பது எப்படி

ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, இருபது சொல் போதும். ஆனால் எழுத்துரு தெரிய வேண்டும். பல நோட்டுகள் ஃப்ராக்டூர் என்ற பழைய கோண எழுத்தில் இருக்கும். அதில் நீள எஸ்ஸும் எஃப்பும் இரட்டைப் பிள்ளைகள். பெரிய பி, வி இரண்டும் மயக்கும். சிறிய கே, டி இரண்டும் அப்படியே. ஊர்ப்பெயரைத் தப்பாகப் படித்து, தப்பான ஊரின் பட்டியலில் தேடி, ‘பட்டியலில் இல்லாத அரிய நோட்டு’ என்று விற்பவர்களும் உண்டு, நம்பி வாங்குபவர்களும் உண்டு. ஃப்ராக்டூர் எழுத்து அட்டவணை ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் ஒட்டிவைப்பது நல்லது.

முதலில் வெளியிட்டது யார் என்று பாருங்கள். ‘ஷ்டாட்’ என்றால் நகரம், ‘கெமைண்டே’ என்றால் கிராம ஊராட்சி, ‘க்ரைஸ்’ என்றால் மாவட்டம், ‘ஷ்பார்காஸ்ஸே’ என்றால் சேமிப்பு வங்கி, ‘மாகிஸ்ட்ராட்’ என்றால் நகராட்சி மன்றம். ‘குட்ஷைன்’ என்பது கூப்பன். பணம் அச்சிட ஊருக்கு அதிகாரம் கிடையாது என்பதால் பெரும்பாலான நோட்டில் இந்தச் சொல்தான் இருக்கும்.

அடுத்து ஊர்ப்பெயரின் வாலைக் கவனியுங்கள். நொய்ஷ்டாட் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. ஒன்று ஹோல்ஸ்டைனில், ஒன்று ஓர்லா ஆற்றங்கரையில். மேல் சிலேசியாவில் இருந்த நொய்ஷ்டாட் இன்று போலந்தின் புருட்னிக். மேற்கு பிரஷ்யாவில் இருந்தது இன்று வெய்ஹெரோவோ. பெயருக்குப் பின்னால் வரும் ஓரிரு எழுத்துச் சுருக்கம்தான் எந்த ஊர் என்று சொல்லும். அதைக் குறித்துக்கொள்ளாமல் வாங்கினால் பிறகு வகைப்படுத்த முடியாது. இதேபோல ப்ரோம்பெர்க் இன்று பிட்கோஷ்ச், தோர்ன் இன்று டோருன், ஆலன்ஷ்டைன் இன்று ஓல்ஷ்டின், ம்யூல்ஹௌஸன் இன்று பிரான்ஸின் முலூஸ். போலந்து, பிரெஞ்சு சேகரிப்பாளர்களும் தங்கள் ஊரின் வரலாறு என்று இவற்றைத் தேடுவதால் இந்த ஊர்களின் நோட்டுக்குப் போட்டி அதிகம்.

மூன்றாவது, தேதியும் கெடுவும். ‘கில்டிக் பிஸ்’ என்று தொடங்கும் வரி எதுவரை செல்லும் என்று சொல்கிறது. வெளியீட்டுத் தேதிக்கும் கெடுவுக்கும் இடையே எவ்வளவு காலம் என்று பாருங்கள். நோட்டின் வகையை முடிவுசெய்ய இதைவிட நல்ல தடயம் இல்லை. கெடு மிக நெருக்கமாக இருந்தாலோ, நோட்டு விற்பனைக்கு வருமுன்பே முடிந்துவிட்டிருந்தாலோ அது ஆல்பத்துக்கென்று பிறந்தது.

நான்காவது, எண்ணும் கையெழுத்தும் முத்திரையும். அச்சடித்த முகம் மட்டும் இருந்து, எண்ணோ முத்திரையோ இல்லாவிட்டால் அது வெளியிடப்படாத வெற்றுப்படி. அச்சகத்தில் மிஞ்சியது. ‘முத்திரையில்லாத அபூர்வம்’ என்று விளம்பரம் வரும். பெரும்பாலும் முத்திரையோடு இருப்பதைவிட மலிவாக இருக்க வேண்டிய சரக்கு அது. ‘முஸ்டர்’ என்று அச்சிட்டிருந்தால் மாதிரிப்படி, அது தனி வகை.

கடைசியாக வெளிச்சம். ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறி தெரியும். அலைக்கோடு, துளி, சாய்சதுரம், மீன்செதில் என்று சில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். தாள் ஆலைகள் ஒரே தாளைப் பல ஊர்களுக்கு விற்றன. ஒரே ஊரின் ஒரே மதிப்பு இரண்டு மூன்று நீர்க்குறிகளில் இருப்பதும் சகஜம். கையிருப்புத் தாள் தீர்ந்ததும் கிடைத்ததில் அச்சிட்டார்கள். பட்டியல்களில் ஏ, பி, சி என்று பிரித்திருப்பது பெரும்பாலும் இதனால்தான். எண்ணின் உயரத்தையும் மி.மீ. அளவில் பாருங்கள், அதுவும் பிரிவுக்குக் காரணமாகும்.

பட்டியல் என்றதும் ஒன்று. வண்ணத் தொடர்நோட்டுக்கு விற்பனையாளர்கள் தருவது பெரும்பாலும் கிராபோவ்ஸ்கி, மேல் (Mehl) என்ற இருவரின் பட்டியல் எண். 1923 நோட்டுக்குக் கெல்லர் எண். இரண்டும் வேறு வேறு பட்டியல்கள். எண்ணை மட்டும் எழுதிவைத்து எந்தப் பட்டியல் என்று எழுதாவிட்டால் அந்தக் குறிப்பு வீண்.

ஊருக்கு லாபம் எங்கிருந்து வந்தது

1920 முதல் 1922 நடுப்பகுதி வரையிலான தொடர்நோட்டுக் காய்ச்சலைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். ஊர் 50 பெனிக் நோட்டு ஒன்றை வெளியிடுகிறது. அது திரும்பி வந்தால் ஊர் 50 பெனிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அதைச் சேகரிப்பாளர் வாங்கி ஆல்பத்தில் ஒட்டிவிட்டால் அது திரும்பியே வராது. அச்சுக்கூலி போக மிச்சமெல்லாம் ஊருக்கு வரவு. இதை ஊர்கள் மிக விரைவில் கண்டுகொண்டன. ஒரே மதிப்பில் ஆறு படம், பத்துப் படம் என்று தொடராக அச்சிட்டு, உறையில் போட்டு, தபாலில் விற்றன. முகமதிப்பைவிடக் கூடுதலாகவும் விற்றன. சில்லறைத் தட்டுப்பாடே இல்லாத குக்கிராமங்களும் களத்தில் இறங்கின.

ஹாமெலினில் எலிப்பிடிப்பான், ஐஸெனாக்கிலும் எர்ஃபுர்ட்டிலும் லூதர், வைமாரில் கோதே என்று ஊருக்கு ஏற்ற படம் போட்டார்கள். பீலெஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி தன் ஊரின் நெசவைக் காட்டப் பட்டிலும் லினனிலும் நோட்டு அச்சிட்டது. சிலவற்றுக்குச் சரிகைக் கரைகூட உண்டு. ஓஸ்டர்வீக் ஊர் தோலில் அச்சிட்டது. மைஸன் பீங்கான் ஆலை பழுப்பு நிறக் கல்பீங்கானில் நாணயம் வார்த்தது. 1920 பிப்ரவரி 10, மார்ச் 14 ஆகிய நாட்களில் ஷ்லெஸ்விக் யாருக்கு, டென்மார்க்குக்கா ஜெர்மனிக்கா என்று வாக்கெடுப்பு நடந்தபோது அந்தப் பகுதி ஊர்களின் நோட்டுகள் பிரசாரத் துண்டறிக்கைகளாகவே மாறின. படத்துக்காக வாங்குவதானால் பட்டு நோட்டையும் தோல் நோட்டையும் விட இந்த ஷ்லெஸ்விக் வரிசையைத்தான் சிபாரிசு செய்வேன். சொல்ல ஏதோ இருந்த நோட்டுகள் அவை.

இன்னொரு பக்கமும் உண்டு. பெவருங்கன் போன்ற சில ஊர்களின் நோட்டுகளில் அப்பட்டமான யூத வெறுப்புப் படங்கள் அச்சாகியிருக்கின்றன. ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பு, ஊர் நிர்வாகமே வெளியிட்ட காகிதம். இவற்றுக்கு விலை அதிகம், போலியும் அதிகம். வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் விற்பனையாளர் ‘வேடிக்கைப் படம்’ என்று எழுதியிருந்தால் அவரிடம் வேறெதையும் வாங்காமலிருப்பது நல்லது.

1922 ஜூலை 17-இல் வந்த சட்டம் ஊர்கள் பணம் அச்சிடுவதற்குத் தடை போட்டது. தொடர்நோட்டுக் காலம் அத்தோடு முடிந்தது. ஆனால் பணவீக்கம் சட்டத்தைவிட வேகமாக ஓடியது.

தொடர்நோட்டில் ஒரு வரிசையை முழுதாக முடித்துப் பார்க்க ஆசையிருந்தால் மெக்லன்பர்க்கின் ராய்ட்டர் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். 70 ஊர்கள், ஊருக்கு மூன்று நோட்டு: 10, 25, 50 பெனிக். ஆக 210. ஒவ்வொன்றிலும் வட்டார மொழி எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் ராய்ட்டரின் வரிகள். அளவு ஒன்றே என்பதால் ஆல்பத்தில் அழகாக உட்காரும். எது வாங்கியாயிற்று, எது பாக்கி என்ற கணக்கும் எளிது. பெரும்பாலானவை மலிவு. ஆனால் தனித்தனியாக வாங்கினால் தபால்செலவு நோட்டின் விலையைத் தாண்டிவிடும். நூறுக்குக் குறையாத கட்டாக வாங்கி, விடுபட்டதைப் பிறகு தேடுவதே வழி.

1923: பூஜ்யங்களை எண்ணும் கலை

1923-இல் ஊர், மாவட்டம், ரயில்வே, ஆலை என்று அச்சகம் கிடைத்தவரெல்லாம் பணம் அடித்தார்கள். ரைஷ்பாங்கே 130-க்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களை அமர்த்தியும் போதவில்லை. லுட்விக்ஸ்ஹாஃபனில் பாஸ்ஃப் சாய ஆலைகூடத் தன் பெயரில் நோட்டு வெளியிட்டது. அவசரத்தில் ஒருபக்கம் மட்டும் அச்சிட்டார்கள். பழைய நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் புதிய மதிப்பை மேலச்சு செய்தார்கள்.

இங்கே எண்ணில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மன் ‘மில்லியோன்’ பத்து லட்சம். ‘மில்லியார்டே’ நூறு கோடி. ‘பில்லியோன்’ லட்சம் கோடி. ஆங்கிலப் பட்டியலில் பில்லியன் என்றால் நூறு கோடி என்பதால், ஆங்கிலத்தில் விற்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம். நமக்கு லட்சம், கோடிக் கணக்கு பழக்கம் என்பதால் அதிலேயே எழுதிவைத்தால் குழப்பமே வராது. ரைஷ்பாங்க் அச்சிட்ட மிகப்பெரிய நோட்டு 100 பில்லியோன் மார்க், நம் கணக்கில் ஒரு கோடி கோடி. நவம்பர் 1923-இல் ஒரு அமெரிக்க டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். நவம்பர் 15-இல் ரெண்டன்மார்க் வந்தபோது ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புதிய மார்க் கொடுத்தார்கள்.

அந்தக் கடைசி மாதங்களில் மதிப்பு மாறாத நோட்டு என்று ஒரு வகை வந்தது. அதில் 0.42, 1.05, 4.20 தங்க மார்க் என்று வினோதமான எண்கள் இருக்கும். அச்சுப்பிழை அல்ல. ஒரு டாலருக்கு 4.20 தங்க மார்க் என்ற பழைய விகிதப்படி இவை டாலரில் பத்தில் ஒன்று, கால், ஒன்று. உண்மையான மதிப்பு இருந்ததால் மக்கள் திருப்பிக் கொடுத்துப் பணமாக்கிக்கொண்டார்கள். கோடி கோடிகள் குப்பைபோலக் கிடைக்க, 42 தங்க பெனிக் நோட்டு கிடைக்காமல் போனது இதனால்தான். 1923 நோட்டுகளில் பணத்தைச் செலவிடுவதானால் இந்தச் சிறிய எண்களில் செலவிடுங்கள்.

போலி எங்கே ஒளிந்திருக்கும்

ஒரு யூரோ, இரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் தொடர்நோட்டை யாரும் போலி செய்வதில்லை. போலி வருவது மூன்று இடத்தில்: தட்டச்சு செய்த 1914 அட்டைகள், மலிவான நோட்டின் மேல் அடித்த 1923 மேலச்சு, முத்திரை குத்தி ‘வெளியிட்டதாக’ மாற்றப்பட்ட வெற்றுப்படி.

பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கி முதல் கருவி. அக்கால எழுத்தச்சில், அழுத்தத்தில் மை ஓரத்துக்கு ஒதுங்கி, எழுத்தைச் சுற்றி ஒரு கருத்த விளிம்பு தெரியும். தாளின் பின்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டும். கல்லச்சில் மேடு இருக்காது, மை தட்டையாகவும் சீராகவும் இருக்கும். இங்க்ஜெட் அச்சென்றால் ஊதா முத்திரைக்குள் நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள் தெறித்திருக்கும். லேசர் அச்சென்றால் எழுத்தின் மேல் பிளாஸ்டிக் போன்ற மினுமினுப்பும், சுற்றிலும் தூவிய துகளும் இருக்கும்.

இரண்டாவது புற ஊதா விளக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, நோட்டு சரிபார்க்கும் கைவிளக்கே போதும். தாளை வெளுப்பாக்கும் ஒளிர்பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்டது. 1914 தாள் என்று சொல்லப்படுவது நீலவெள்ளையாக ஜொலித்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. யாராவது சோப்புத்தூளில் அலசியிருந்தாலும் ஜொலிக்கும். அப்போதும் அது வாங்கத்தக்கதல்ல. ஆனால் ஜொலிக்கவில்லை என்பதால் அசல் என்று முடிவுகட்டாதீர்கள். பழைய புத்தகத்தின் வெற்றுப்பக்கத்தைக் கிழித்துப் போலி செய்வது பழைய தந்திரம், அந்தத் தாளும் ஜொலிக்காது.

மூன்றாவது முத்திரை மை. அக்கால ஊதா மை அனிலின் சாயம். நூறாண்டில் அது தாளுக்குள் இறங்கி, ஓரம் மங்கலாகப் பரவி, பல நேரம் பின்பக்கத்திலும் தெரியும். தாளின் மேல் கூர்மையாக நிற்கும் முத்திரையைக் கண்டால் யோசியுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் முத்திரை எப்படியிருக்கிறது என்றும் பாருங்கள். முதலில் முத்திரை, பிறகு மடிப்பு என்றால் மடிப்பில் மை உதிர்ந்திருக்கும். மடிந்து தேய்ந்த தாளில் புதிதாகக் குத்தியிருந்தால் உடைந்த நாருக்குள் மை ஓடியிருக்கும்.

1914 அட்டையின் பின்னால் பழைய பசைத் தடமும், பழங்கால ஆல்பக்காரர் பென்சிலில் எழுதிய குறிப்பும் இருந்தால் அது நல்ல சாட்சி. தொடர்நோட்டில் அதே பசைத் தடம் குறை. அவை கட்டுக்கட்டாகக் கசங்காமல் கிடைப்பதால் முதல்தரம் தவிர வேறு வாங்க வேண்டாம். ஜெர்மன் தர அளவில் ரோமன் ஒன்று என்பது கசங்காத நோட்டு, எண் கூடக்கூடத் தரம் இறங்கும். 1914-க்கு மூன்றாம் தரமே மரியாதையான நிலை. அந்த வகையில் முதல்தரத்தில் ஒன்று வந்தால் இஸ்திரி போட்டிருக்கிறார்களா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்புக்கோடு மறைந்திருக்கும், ஆனால் அங்கே தாளின் மேற்பரப்பு உடைந்திருப்பது நிழலாகக் காட்டிக்கொடுக்கும். எழுத்தச்சின் மேடும் அமுங்கிப்போயிருக்கும்.

நம் ஊர் வெக்கையில் வைத்துக் காப்பது

போர்க்காலத் தாள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது. வெயில், ஈரம், வெப்பம் மூன்றும் அதைப் பழுப்பாக்கி நொறுக்கும். கழுவாதீர்கள். ஊதா முத்திரை தண்ணீர் பட்ட நொடியில் கலங்கி ஓடும், திரும்ப வராது. குடும்ப அட்டையிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்யும் பழக்கம் நமக்கு உண்டு. நோட்டை லேமினேட் செய்தால் சூட்டில் பசை நாருக்குள் இறங்கிவிடும், பிரித்தெடுக்க வழியில்லை, விலையும் பூஜ்யம். செலோடேப்பும் அப்படித்தான்.

உறை வாங்கும்போது பி.வி.சி. வேண்டாம். புது மழைக்கோட்டு வாசனை அடித்தாலே வைத்துவிடுங்கள். நாளாக நாளாக அதிலிருந்து எண்ணெய் கசிந்து தாளில் ஒட்டும். பாலியஸ்டர் உறை நல்லது, பாலிபுரொப்பலீன் பரவாயில்லை. எது என்று தெரியாவிட்டால் உறையின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி அந்தத் துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. புகை கெட்டது, வெளியில் வைத்துச் செய்யவும்.

சுவரை ஒட்டிய பீரோ மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சும், ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். மூடியுள்ள பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஐம்பது சதவீத ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், ஒரேயடியாகக் காய்ந்தாலும் தாள் நொறுங்கும். நாப்தலின் உருண்டை வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக்கை அது இளக்கும். இராமபாணப் பூச்சிக்குப் பழைய பசையும் மாவும்தான் விருந்து. பின்னால் பசைத் தடம் உள்ள நோட்டுகளைத் தனி ஆல்பத்தில் வைத்து மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தோல் நோட்டையும் பட்டு நோட்டையும் காகிதத்தோடு ஒரே உறையில் அடைக்கக் கூடாது. தோலின் எண்ணெய் பக்கத்துத் தாளில் இறங்கும்.

இதே கண்ணோடு நம் பக்கம் திரும்பினாலும் வேலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டால் 1943 முதல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. அதே காலத்தில் மோர்வி, நவாநகர், பிகானேர் போன்ற சமஸ்தானங்கள் பைசா, அணா மதிப்பில் சிறு அட்டைக் கூப்பன்களை வெளியிட்டன. 1942-இல் இலங்கை அரசு வெளியிட்ட 5 சத நோட்டின் நடுவே துளைக்கோடு உண்டு. கிழித்தால் ஒரு துண்டு 2 சதம், மற்றது 3 சதம். கிழிக்காத முழு நோட்டுக்கே மதிப்பு அதிகம். சமஸ்தானக் கூப்பன்களில் போலி நடமாட்டம் அதிகம் என்பதால் மேலே சொன்ன உருப்பெருக்கியும் புற ஊதா விளக்கும் இங்கேயும் தேவை.

முதல்முறை வாங்குபவருக்கு: ‘ஆயிரம் வெவ்வேறு நோட்டு’ கட்டைத் தவிருங்கள். அதில் இருப்பது ஆயிரமும் விலைபோகாத தொடர்நோட்டாகத்தான் இருக்கும், வரிசை முழுதாகவும் இருக்காது. அதற்குப் பதில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதே ஊர்களின் 1914, 1918, 1921, 1923 நோட்டுகளைத் தேடுங்கள். விற்பவரிடம் இரு பக்கப் படமும், வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த ஒரு படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். தபாலில் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள், ஸ்டேப்ளர் ஊசியும் குண்டூசியும் கூடாது. வந்ததும் இருபக்கமும் ஸ்கேன் செய்து, அன்றைய ஊர்ப்பெயர், இன்றைய பெயர், வெளியிட்டவர், தேதி, கெடு, மி.மீ. அளவு, நீர்க்குறி, எண், முத்திரை வாசகம், பட்டியலின் பெயரும் எண்ணும், விலை ஆகியவற்றைக் குறியுங்கள். நோட்டில் எதுவும் எழுத வேண்டாம். எழுதுவதானால் உறைக்குள் வைக்கும் அமிலமற்ற சீட்டில், பென்சிலால்.